பழைய ஐ7 வாங்கலாமா, புது ஐ3 வாங்கலாமா? கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும் என் தொழில். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று சுற்று ஊர்களிலிருந்து வருகிறவர்கள் வேறு வேறு வார்த்தையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பழைய பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளை; ஐ3, ஐ7 என்பவை இன்டெல் கம்பெனி அதற்கு வைத்த பெயர்கள்) மலிவாகக் கிடைக்கிறது, அது போதுமா, இல்லை கடன் வாங்கியாவது புதுசு வாங்க வேண்டுமா? ஒவ்வொருவருக்கும் கவுண்டரில் நின்று சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். ரூபாய் விலை எழுதவில்லை. 2025இன் கடைசி மாதங்களில் ராம் விலை ஏறியபோது முந்தின வாரக் கொட்டேஷன்கூட நிற்கவில்லை. விலையை அன்றன்றைக்கு நீங்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். எதை எதோடு வைத்து ஒப்பிடுவது என்பதை நான் சொல்கிறேன்.

ஐ7 என்றால் ஐ3-ஐ விடப் பெரியதுதானே? பழைய ஐ7 குறைந்த விலைக்குத் தருகிறார்களே?

ஒரே வருடத்தில் வந்த ஐ7-ஐயும் ஐ3-ஐயும் பக்கத்தில் வைத்தால் ஐ7 பெரியது, சரி. வருடம் மாறிவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடும்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா வந்தார். மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததற்காக வேறொரு இடத்தில் ‘ஐ7 சிஸ்டம்’ வாங்கியிருக்கிறார். மூன்றே வாரத்தில் திரை வரவில்லை என்று தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே ஐ7-870. 2009இல் வந்தது, கோர் ஐ வரிசையின் முதல் தலைமுறை. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி அதற்குள் கிடையாது. அதனால் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைச் செருகிக் கொடுத்திருந்தார்கள், போனது அந்தக் கார்டுதான். கொடுத்த பணத்தை அவர் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் கொஞ்சம் சேர்த்திருந்தால் பத்து வருடம் புதிய ஐ3 பெட்டியே வந்திருக்கும். ‘ஐ7’ என்ற எழுத்துக்குத்தான் அந்தப் பணம் போயிருக்கிறது. இதை எல்லோருக்கும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

கணக்கைப் பாருங்கள். 2011இல் வந்த ஐ7-2600-க்கு 4 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 8 திரெட் (ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலை வரிசை). வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (தேவைப்படும்போது ஏறும் உச்ச வேகத்தில்) 3.8. 95 வாட். அமெரிக்காவில் அன்றைய அறிவிப்பு விலை 294 டாலர். 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100-க்கும் அதே 4 கோர், அதே 8 திரெட். வேகம் 3.3, டர்போவில் 4.3. அடிப்படை 60 வாட். அறிவிப்பு விலை 122 டாலர். அட்டையில் எழுதியதைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஓட்டிப் பார்த்தால் ஐ3 ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்கிறது. ஒரு கோரை மட்டும் ஓட்டினாலும் அப்படித்தான், எல்லாக் கோரையும் சேர்த்து ஓட்டினாலும் அப்படித்தான்.

ரெண்டிலும் 3 சொச்சம் கிகாஹெர்ட்ஸ்தானே போட்டிருக்கு? அப்புறம் எப்படி இரண்டு மடங்கு?

புது மண்டபத்தில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். (இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.) கிகாஹெர்ட்ஸ் என்பது மிஷின் சக்கரம் சுற்றும் வேகம். இரண்டு தையல்காரர்கள் ஒரே வேகத்தில் மிதிக்கலாம். ஆனால் சாயந்திரம் கடை அடைக்கும்போது ஒருவர் பத்துச் சட்டை முடித்திருப்பார், இன்னொருவர் இருபது முடித்திருப்பார். காரணம் மிதிப்பதில் இல்லை.

முதல் காரணம், ஒரு சுற்றில் எத்தனை வேலையைக் கையில் எடுக்கிறார் என்பது. இரண்டாம் தலைமுறை பிராசசரில் (ஐ7-2600) கட்டளைகளைப் பிரித்து எடுக்கும் பகுதி ஒரு துடிப்பில், அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றில், 4 கட்டளை வரை எடுக்கும். 12ஆம் தலைமுறையில் (ஐ3-12100) 6.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஒரு சட்டைக்கு பட்டன் வரவில்லை என்றால் நல்ல தையல்காரர் சும்மா உட்கார மாட்டார். கொக்கியில் தொங்கும் அடுத்த சட்டைகளில் எதற்கு எல்லாச் சாமானும் வந்துவிட்டதோ அதை எடுத்துத் தைப்பார். பிராசசரும் இதையேதான் செய்கிறது. ராமிலிருந்து வர வேண்டிய தகவல் வரும்வரை, செய்ய முடிந்த மற்ற கட்டளைகளை முன்னால் இழுத்துச் செய்துவிடும். அந்தக் கொக்கியில் எத்தனை கட்டளை தொங்க முடியும்? இரண்டாம் தலைமுறையில் 168. நான்காம் தலைமுறையில் 192. ஆறாம் தலைமுறையில் 224. பன்னிரண்டாம் தலைமுறையின் பெரிய கோரில் (ஐ3-12100-இல் இருப்பது இதுதான்) 512. சக்கரத்தின் வேகம் அதேதான். சும்மா இருக்கும் நேரம்தான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

பழையதற்கு இன்னொரு பின்னடைவும் உண்டு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டௌன் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே தெரிந்தன. அவற்றை அடைக்க வந்த அப்டேட்டுகள் நான்காம் தலைமுறைக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் கூடுதல் வேக இழப்பைத் தந்தன. அதாவது 2011இல் எழுதிய விமர்சனங்களில் இருக்கும் வேகம்கூட இன்று அப்படியே கிடைக்காது.

அப்படியானால் புதுசு எப்போதும் பழசை விட வேகமா?

இல்லை. அதனால்தான் வருடத்தை மட்டும் பார்த்தும் வாங்கக் கூடாது என்கிறேன்.

2000 நவம்பரில் இன்டெல்லின் பென்டியம் 4 வந்தது, 1.4 மற்றும் 1.5 கிகாஹெர்ட்ஸில். அதே வருடம் மார்ச்சில் பென்டியம் 3 ஒரு கிகாஹெர்ட்ஸைத் தொட்டிருந்தது. பல சோதனைகளில் அந்தப் பழைய பென்டியம் 3 புதியதை முந்தியது. விற்பனைக்குப் பெரிய எண் வேண்டும் என்பதற்குத் தோதாக, வேலையை மிக நீளமான படிவரிசையாக நறுக்கி வேகத்தை ஏற்றினார்கள். முதல் பென்டியம் 4-இல் 20 படி, 2004இல் வந்த பிரெஸ்காட்டில் 31 படி. அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று பிராசசர் முன்கூட்டியே ஊகித்தது தவறிவிட்டால் அத்தனை படியிலும் பாதி முடிந்து நிற்கும் வேலையைத் தூக்கிப் போட வேண்டும். சூடும் கட்டுக்குள் நிற்கவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. 2006இல் கோர் 2 டியோ வந்தபோது, 1.86 கிகாஹெர்ட்ஸில் ஓடிய சின்ன மாடலான இ6300, மூன்று கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய பென்டியம் டி-க்களைத் தாண்டியது. அன்றைக்கு பென்டியம் டி வாங்கிச் சில மாதமே ஆன வாடிக்கையாளர் ஒருவர் என் முன்னால் நின்ற முகம் இன்னும் நினைவிருக்கிறது. அவரிடம் பெரிய எண்ணைக் காட்டி விற்றவன் நான். எண்ணை நம்பி விற்பதை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

2011இல் இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி இதே மாதிரி வழுக்கியது. எஃப்எக்ஸ்-8150 என்று 8 கோர் பிராசசர். ஆனால் இரண்டிரண்டு கோர்கள் தசமக் கணக்குப் பிரிவைப் பங்கு போட்டுக்கொண்டன, ஒரு கோரின் திறனும் குறைவு. 4 கோர் இன்டெல்லிடம் பல வேலைகளில் தோற்றது. இன்றும் ‘8 கோர்’ என்று அந்த வரிசையைக் கொண்டுவந்து யாராவது விலை பேசினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய வடிவமைப்பு ஜெயித்த நல்ல கதையும் உண்டு. ஏஎம்டியின் ஜென் 3 வடிவமைப்பு 2020 நவம்பரில் வந்தது. 2022 ஏப்ரலில் அதே வடிவமைப்பின் மேல் கேஷ் நினைவகத்தை (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) அடுக்கி, மொத்தம் 96 எம்பி ஆக்கி, ரைசன் 7 5800எக்ஸ்3டி என்று விட்டார்கள். பழைய டிடிஆர்4 வகை ராமோடு, பழைய சாக்கெட்டிலேயே (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), புது ஐ9-12900கே-வுக்கு நிறைய விளையாட்டுகளில் ஈடு கொடுத்தது.

கீழமாசி வீதியில் மொத்த வியாபாரக் கடை. பில்லிங்கும் டாலியும்தான். கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய ஆபீஸ் சிஸ்டம் போதுமா?

வேகத்துக்குப் போதும். டாலிக்குப் பெரிய கோர் எண்ணிக்கை தேவையில்லை. அங்கே பெட்டியைத் தூங்க வைப்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். பழைய டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி படிக்கும், அதுவும் கோப்பு சிதறாமல் இருந்தால். சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) 550 எம்பிக்குப் பக்கத்தில் படிக்கும், சின்னச் சின்னக் கோப்புகளில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. நான்காம் தலைமுறை ஐ5-இல் எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் போட்டால், ஹார்ட் டிஸ்க்கோடு ஓடும் பத்தாம் தலைமுறை பெட்டியை விடச் சுறுசுறுப்பாக இருக்கும்.

இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக ஏற்கிறது. குறுக்கு வழியில் பழைய பெட்டியிலும் ஏற்றலாம், ஏற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. கோர் 2 டியோவில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது. உங்கள் கடையின் வரவு செலவு, ஜிஎஸ்டி, வங்கி எல்லாம் அந்த ஒரு பெட்டியில் இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் வராத பெட்டியில் அதை வைக்க என் மனம் ஒப்பவில்லை. கடைக்கு என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்.

வீட்டில் பிள்ளைகள் எழுதிப் பழக, படம் வரைய, இணையம் பார்க்க என்றால் பழைய பெட்டியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தருகிறேன். தமிழ் தட்டச்சு நன்றாக வருகிறது.

பழைய சிஸ்டம் கரண்ட் அதிகம் இழுக்குமா?

இழுக்கும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 95 வாட், 65 வாட் என்ற எண்ணை அப்படியே பெருக்காதீர்கள். அது முழு வேலை செய்யும்போது வெளியேற்ற வேண்டிய சூட்டின் கணக்கு. பில் போடும் பெட்டி பெரும்பாலான நேரம் சும்மாதான் காத்திருக்கிறது.

இப்படிப் பாருங்கள். பழைய பெட்டிக்கும் புது சின்னப் பெட்டிக்கும் சும்மா இருக்கும்போது 40 வாட் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 12 மணி நேரம் ஓடினால் 480 வாட் மணி, அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாத பில்லுக்கு 29 யூனிட். கடை இணைப்புக்கு வீட்டைப் போல இலவச யூனிட் இல்லை, ஆகவே அந்த 29-க்கும் முழுக் காசு. ஒரு பெட்டிக்கு இது பெரிய தொகை இல்லை. ஐந்தாறு சிஸ்டம் வைத்திருக்கும் டைப்பிங் சென்டர் கட்டாயம் கணக்குப் போட வேண்டும்.

இந்த வேலைக்கு இப்போது நான் அதிகம் பரிந்துரைப்பது இன்டெல் என்100. 2023 ஜனவரியில் வந்தது, 4 சிறு கோர், 6 வாட். 2015இல் 65 வாட்டில் வந்த ஐ5-6500 செய்த வேலைக்கு அருகில் வந்து நிற்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாளில், சின்ன யூபிஎஸ்ஸிலேயே இது பழைய பெட்டியை விடப் பல மடங்கு நேரம் நிற்கும். ராமும் விண்டோஸும் சேர்த்துத்தான் விலை கேட்க வேண்டும், சிலர் வெறும் பெட்டி விலையைச் சொல்வார்கள்.

அப்புறம், நம் ஊர் சித்திரை வெயில். பழைய பிராசசர் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்து, ஃபேனில் தூசி அடைத்திருந்தால், சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘பழசாகிவிட்டது, ஸ்லோ ஆகிவிட்டது’ என்று கொண்டு வருவதில் கணிசமானவை துடைத்துப் புதுப் பேஸ்ட் போட்டதும் சரியாகின்றன. மாற்றும் முன் ஒரு தரம் சுத்தம் செய்து பாருங்கள்.

ஃப்ளெக்ஸ் டிசைனும் கல்யாண ஆல்பமும் செய்கிறேன். 12 கோர் ஜியான் செட் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

நீங்கள் சொல்வது ஜியான் இ5-2670 வி3 மாதிரியான சர்வர் பிராசசர். 2014இல் வந்தது, 12 கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.1, 120 வாட். டேட்டா சென்டர்கள் கழித்துவிட்டதால் பிராசசர் மட்டும் சல்லிசாக வருகிறது. அதற்கான மதர்போர்டு பழைய சிப்செட்டைக் கழற்றிப் புதிதாகக் கட்டியது. போர்டு போனால் அடுத்தது தேட வேண்டும்.

காதுகுத்து பேனரில் நாற்பது முகங்களை வெட்டி ஒட்டும்போது நீங்கள் காத்திருப்பது எதற்கு? லேயரை நகர்த்தியதும் திரை மாற, பிரஷ் இழுத்ததும் கோடு வர. அந்த வேலையில் பெரும்பகுதி ஒன்றிரண்டு கோர் மேல்தான் விழுகிறது. 3.1-க்கு மேல் போகாத 2014 கோர் அதில் திணறும். 6 கோர் ஐ5-12400 அல்லது ரைசன் 5 5600 உங்கள் கைவேலைக்கு எவ்வளவோ மேல். 12 கோரும் சேர்ந்து உழைப்பது வீடியோ ரெண்டர் மாதிரி வேலைக்கு. இரவில் ரெண்டருக்கு விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர் என்றால் ஜியான் பற்றி யோசிக்கலாம். அப்போதும் நல்ல எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பாகம்) போடுங்கள்.

2018இல் வாங்கிய ரைசன் 3 2200ஜி இருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். உங்களைப் போன்றவர்கள் வந்தால் எனக்கே சந்தோஷம். ஏஎம்4 சாக்கெட் உள்ள உங்கள் போர்டில் பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் செய்து ரைசன் 5 5600ஜி போடலாம். 4 கோர், 4 திரெட் என்பது 6 கோர், 12 திரெட் ஆகிவிடும். ராம், கேபினெட், எஸ்எம்பிஎஸ் எல்லாம் அப்படியே. உங்கள் போர்டு மாடலின் ஆதரவுப் பட்டியலில் புது பிராசசர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்னால் பயாஸை ஏற்றுங்கள். ஏற்றும்போது யூபிஎஸ் கட்டாயம்.

இன்டெல்லில் இந்த வசதி குறைவு. சராசரியாக இரண்டு தலைமுறைக்கு ஒரு சாக்கெட். ஆறு, ஏழுக்கு இருந்த 1151 சாக்கெட்டின் பெயரே எட்டு, ஒன்பதுக்கும் இருக்கிறது, ஆனால் ஒன்றின் போர்டில் மற்றது ஓடாது. பெயரைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 12, 13, 14 மூன்றும் 1700 சாக்கெட்டில் உட்காரும்.

காலேஜ் போகும் பெண்ணுக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப். ஏழாம் தலைமுறை 2.5 கிகாஹெர்ட்ஸ், எட்டாம் தலைமுறை 1.6 கிகாஹெர்ட்ஸ். ஏழுதானே நல்லது?

எட்டை எடுங்கள், இரண்டாம் யோசனை வேண்டாம். ஐ5-7200யு-வில் 2 கோர். மறு வருடம், 2017இல் வந்த ஐ5-8250யு-வில் 4 கோர். 1.6 என்பது எல்லாக் கோரும் முழுச்சுமையில் ஓடும்போது உறுதி தரும் வேகம். தேவைப்பட்டால் 3.4 வரை போகும், ஏழாம் தலைமுறை 3.1 வரைதான். விண்டோஸ் 11-உம் எட்டில்தான் தொடங்குகிறது. லேப்டாப்பில் பழசுக்கும் புதுசுக்கும் நடுவே கோடு கிழிக்கச் சொன்னால் நான் இந்த இடத்தில்தான் கிழிப்பேன்.

புது லேப்டாப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. ரைசன் 5 7520யு என்று 2022இல் வந்தது. பெயர் 7000 வரிசை, உள்ளே இருப்பது 2019இன் ஜென் 2 வடிவமைப்பு. அந்த 7000 வரிசை லேப்டாப் எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்லும். 7520-இல் 2, அதாவது ஜென் 2. 7530-இல் 3. இன்டெல்லில் எண்ணின் முன்பகுதி தலைமுறை: 2400 என்றால் 2, 8250 என்றால் 8, 12100 என்றால் 12. 870 மாதிரி மூன்றே இலக்கமும் ‘ஐ’யும் இருந்தால் முதல் தலைமுறை.

யூட்யூப் பாடம் பார்த்தாலே பழைய சிஸ்டம் ஃபேன் அலறுகிறது. ஏன்?

யூட்யூப் இப்போது அதிகம் அனுப்புவது விபி9, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கிய வீடியோ. விபி9-ஐ விரிக்கத் தனிப் பகுதி இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்து முழுமையாக வந்தது, ஏவி1-க்கு பதினொன்றிலிருந்து. அது இல்லாதபோது மொத்த வேலையும் கோர்கள் தலையில் விழுகிறது. வீடியோ தரத்தை 480-க்கு இறக்கினால் ஓரளவு அடங்கும்.

செகண்ட் ஹேண்டில் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 கிடைத்தால்?

அவற்றில் மின்னழுத்தக் கோளாறால் பிராசசரே நிலையில்லாமல் போவதை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் விட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. பில்லும் வாரண்டியும் இல்லாமல் அந்தப் பெரிய மாடல்களைத் தொடாதீர்கள்.

பழைய பெட்டிக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம்?

நான் வைத்திருக்கும் அளவு இது. அதே வேலைக்குப் போதுமான புது ஐ3 அல்லது ரைசன் பெட்டியின் மொத்த விலையை முதலில் வாங்குங்கள்: பிராசசர், போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட், விண்டோஸ். பழைய பெட்டிக்கு எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் போட்ட பிறகு ஆகும் செலவு அந்தப் புது விலையில் பாதியைத் தாண்டினால் புதுசுக்குப் போங்கள். எட்டாம் தலைமுறைக்குக் கீழே என்றால் கால்வாசிக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன். ராம் விலை ஏறியிருக்கும் நாட்களில் மட்டும் 16 ஜிபி டிடிஆர்4 ராமோடு வரும் பத்தாம் தலைமுறைப் பெட்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், அந்த ராமே பாதிக் காசு பெறும்.

விற்கிறவர் சொல்வது உண்மையா என்று அங்கேயே எப்படிப் பார்ப்பது?

பெட்டியை ஆன் செய்யச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு சிபியு. வலது மேல் மூலையில் பிராசசரின் முழுப் பெயர் எண்ணோடு இருக்கும். வெளியே ஒட்டிய ஸ்டிக்கரை விட்டுவிட்டு அந்த எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் மெமரி, டிஸ்க் இரண்டையும் தட்டி எத்தனை ஜிபி, எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா என்று பாருங்கள். பத்து நிமிடம் ஏதாவது வீடியோவை ஓடவிட்டுப் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். ஆன் செய்ய முடியாது, கேபிள் இல்லை, நம்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.